நூல்கள் யாருக்காக: சீ. இரா. அரங்கநாதனின் வாழ்வும் பல்கலைக்கழக நூலகத்தின் குறிக்கோளும்

பல்கலைக்கழக நூலகங்கள் தத்தம் தொலைநோக்கையும் குறிக்கோள்களையும் ஐந்தாண்டு இலக்குகளையும் அறிக்கையாக வெளியிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வறிக்கைகளுள் பெரும்பாலானவை வாசகரை மையமாகக் கொண்டே பேசுகின்றன. வாசகரே நூலகத்தின் மையம் என்னும் கருத்து இன்று எவரும் மறுக்காத பொதுக்கூற்றாக இருப்பதால், அது ஒரு காலத்தில் போராடி நிறுவப்பட வேண்டிய கருத்தாக இருந்தது என்பது மறக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நூலகங்கள் பலவற்றில் நூலகரின் தலையாய கடமை காவலே. வாங்கிய நூல் பதிவேட்டில் ஏற வேண்டும். அலமாரி பூட்டியிருக்க வேண்டும். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஒன்றும் குறையக் கூடாது. எடுத்துச் செல்லப்படாத நூல் தொலையாது. ஆகவே வாசகர் வராத நூலகமே நிருவாகத்திற்கு இடையூறில்லாத நூலகமாக இருந்தது.

இந்நிலையைச் சென்னையில் தலைகீழாக மாற்றியவர் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் (1892-1972). அவரைப் பற்றித் தமிழில் வெளிவரும் குறிப்புகள் பெரும்பாலும் விருதுகளின் வரிசையாகவோ வியப்புக் கதைகளின் தொகுப்பாகவோ அமைந்துவிடுகின்றன. நூலகவியலின் தந்தை என்னும் அடைமொழியோடு அவை நின்றுவிடுவதும் உண்டு. அடைமொழி ஆய்வுக்கு உதவுவதில்லை. ஒரு பல்கலைக்கழக நூலகம் எதற்காக இருக்கிறது என்னும் வினாவை அவர் எப்படி அடைந்தார், அதற்குக் கண்ட விடையை எவ்வாறு நடைமுறையாக்கினார், அவ்விடை அவருடைய சொந்தப் படைப்புகளோடே எவ்விடத்தில் முரண்பட்டது என்பனவே அவர் வாழ்க்கையில் ஆராயத்தக்கவை.

தொடக்கமும் ஆசிரியப் பணியும்

அரங்கநாதன் பிறந்த ஊர் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழி. ஆங்கிலேயர் அதனைச் சியாழி என எழுதியமையால், அவ்வடிவமே அவர் பெயரின் முன்னெழுத்தில் நிலைத்து உலகெங்கும் சென்றது. ஞானசம்பந்தர் பிறந்த ஊரின் பெயர் இவ்வாறு உருத்தெரியாமல் மாறி, அயல்நாட்டு நூலகவியல் நூல்களிலெல்லாம் வழங்குவது ஒரு சுவையான செய்தி. 1892 ஆகஸ்டு 9 அவர் பிறந்த நாள் எனக் கூறப்படுகிறது. அலுவல் ஆவணங்களில் ஆகஸ்டு 12 என்றே பதிவாயிற்று. இந்தியாவில் நூலகர் நாள் கொண்டாடப்படுவது பின்னைய நாளிலேயே. நூற்பட்டியலில் ஓரெழுத்துப் பிழையையும் பொறுக்காத ஒருவரின் பிறந்த நாளே பதிவேட்டுப் பிழையால் நிலைபெற்றது!

தந்தையை ஆறாம் அகவையில் இழந்த அவர் சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். அங்குக் கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்டு ராஸ் அவர் வாழ்க்கை முழுவதும் ஆசானாகவே நிலைத்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றபின், 1917 முதல் மங்களூர், கோவை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளிலும், அடுத்துச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பேச்சில் திக்கல் இருந்தும் வகுப்பறையை அவர் பெரிதும் விரும்பினார். விரிவுரையைக் குறைத்து, மாணவரைத் தாமே நூல்களைத் தேடிப் படிக்கத் தூண்டும் முறையை அவர் கையாண்டார் என்பது பின்னாளைய நூலகரைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தி. நூலகத்தைக் கற்பித்தலின் நீட்சியாகக் காணும் மனநிலை நூலகப் பணிக்கு வருமுன்பே அவரிடம் உருவாகியிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் முழுநேர நூலகர் பணியிடத்திற்கு விண்ணப்பங்களைக் கோரியபோது நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் எவருமிலர் என்பர். அரங்கநாதனும் விதிவிலக்கல்லர். கல்லூரி ஆசிரியரின் குறைந்த ஊதியமும் நண்பர்களின் வற்புறுத்தலுமே அவரை விண்ணப்பிக்கச் செய்தன. நேர்காணலுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துச் சென்றதே அத்துறையில் அவருக்கிருந்த கல்வி.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். சில நாள்களிலேயே அப்பணி அவருக்குக் கசந்தது. வகுப்பறையின் ஆரவாரத்துக்குப் பழகியவருக்கு ஆள்வரவற்ற நூலக அறை தனிமைச் சிறையாகத் தோன்றிற்று. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, பழைய பணியையே மீண்டும் தரும்படி வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வருவது நூலகர் பணியின் நிபந்தனைகளுள் ஒன்று. அப்பயிற்சியை முடித்து வந்த பின்னரும் விருப்பம் மாறாவிடில் கல்லூரிக்குத் திரும்பலாம் என முதல்வர் ஒப்புக்கொண்டார். இந்த உறுதிமொழியைத் துணையாகக் கொண்டே அரங்கநாதன் கப்பலேறினார். அவர் வெறுத்தது நூலகத்தை அன்று, வாசகர் இல்லாத நூலகத்தையே என்பதை அவர் அப்போது உணர்ந்திருந்தாரா என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் அவருடைய பிற்காலச் சிந்தனை அனைத்திற்கும் அந்தச் சில நாள் தனிமையே வித்து எனல் பொருந்தும்.

இலண்டனில் கண்டவை

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பகுப்பியல் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சேயர்ஸ் கிராய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைவராகவும் இருந்தமையால், பாடமும் பயிற்சியும் ஒருங்கே அமைந்தன. அவருடைய தூண்டுதலால் நூற்றுக்கும் மேற்பட்ட பிரித்தானிய நூலகங்களை அரங்கநாதன் நேரில் கண்டார். குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் இயல்பாக வந்து நூலெடுத்துச் செல்லும் காட்சி, கல்வி என்பது பட்டத்தோடு முடிவது என்னும் எண்ணம் நிலவிய நாட்டிலிருந்து சென்றவரைப் பெரிதும் பாதித்தது. நூலகம் ஒரு சமூக நிறுவனம் என்னும் தெளிவு அங்குப் பிறந்தது.

அதே வேளையில் கணித அறிஞரின் கண்ணுக்கு ஒரு குறையும் தென்பட்டது. ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு வழக்கத்தைப் பின்பற்றியது. ஏன் இவ்வாறு செய்கிறீர்கள் என்னும் கேள்விக்கு, இங்கு இவ்வாறே செய்து வருகிறோம் என்பதற்கு மேற்பட்ட விடை பல இடங்களில் கிடைக்கவில்லை. வழக்கங்கள் பல இருந்தன. அவற்றைத் தாங்கும் அடிப்படை இல்லை. சில எளிய மெய்கோள்களிலிருந்து தேற்றங்களைப் பெறும் துறையில் வளர்ந்தவர், நூலகப் பணிக்கும் அத்தகைய மெய்கோள்கள் இருத்தல் வேண்டும் எனக் கருதலானார்.

இலண்டன் பல்பொருள் அங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டதும் இக்காலத்தில்தான். துளையிட்ட சில பட்டைகள், சக்கரங்கள், திருகுகள் ஆகியவற்றை வெவ்வேறு வகையில் இணைத்து எண்ணற்ற பொம்மைகளை உருவாக்கும் அமைப்பு அது. அறிவுத்துறைகளையும் இவ்வாறே அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது வேண்டியவாறு இணைத்தால் எந்தப் புதிய பொருளுக்கும் இடம் கிடைக்கும் என்னும் எண்ணம் தோன்றியது. கூறுகளை இணைக்கும் திருகாக முக்காற்புள்ளியைத் தேர்ந்துகொண்டார். கோலன் பகுப்புமுறை எனப் பின்னர் அழைக்கப்பட்ட திட்டத்தின் முதல் வரைவு 1925இல் தாயகம் திரும்பும் கப்பலில் உருப்பெற்றது. மாநிலக் கல்லூரி முதல்வரின் உறுதிமொழியை நிறைவேற்றித் தரும்படி அவர் பின்னர் கேட்கவே இல்லை.

ஐந்து விதிகளின் தோற்றம்

திரும்பியபின் மூன்றாண்டுகள் அவர் தேடியது பகுப்புமுறைக்கும் முந்தைய ஒன்றை. நூல் தேர்வு, பட்டியல், வழங்கல், பணியாளர் அமைப்பு, கட்டடம் ஆகிய யாவும் எந்த மூல நோக்கத்திலிருந்து பிறக்கின்றன என்பதே அவர் தேடல். 1928இல் ஒரு மாலைப்பொழுதில் ஆசான் ராஸ் அவரைக் காண வந்தபோது இச்சிக்கலை அவரிடம் எடுத்துரைத்தார். நூல்கள் பயன்படுவதற்காகவே என்பதே முதல் விதி ஆகாதா என்னும் பொருள்பட ராஸ் கூறிச் சென்றார். முதல் விதி கிடைத்தவுடன் ஏனைய நான்கும் தொடர்ந்து அமைந்தன: ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைத்தல், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல், வாசகரின் காலம் வீணாகாமை, நூலகம் இடையறாது வளரும் உயிரியாதல். மெய்கோளைத் தந்தவர் கணிதப் பேராசிரியர் என்பதும், அவர் நூலகத் துறையைச் சாராதவர் என்பதும் எண்ணத்தக்கன. நூலகத்தின் நோக்கத்தை நூலகத்திற்கு வெளியில் நிற்கும் வாசகர் ஒருவரே எளிதாகச் சொல்ல முடிந்தது.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில் அரங்கநாதன் இவ்விதிகளை விளக்கி உரையாற்றினார். அக்கல்லூரியை உள்ளடக்கியே அடுத்த ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. ஆகவே, நூலகவியலின் அடிப்படை விதிகள் முதன்முதல் பொதுமேடையில் ஒலித்த இடம் தமிழகத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றேயாகும். அவ்வுரை விரிந்து 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக ஆங்கில நூலுருப் பெற்றது. அச்சங்கமும் 1928இல் அவர் முன்னின்று அமைத்ததே.

விதிகள் உருவான அந்த ஆண்டு அவருக்குத் துயரம் நிறைந்த ஆண்டுமாகும். 1928 நவம்பரில் அவருடைய முதல் மனைவி உருக்குமணி திருவல்லிக்கேணிக் கோயிற்குளத்தில் மூழ்கி உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். மணநாளன்றே பிற்பகலில் அலுவலகம் திரும்பினார் என்பர். இருபதாண்டுப் பணியில் விடுப்பே எடுக்கவில்லை என்பதும் அவரைப் பற்றி வழங்கும் செய்தி. இவை கடமையுணர்ச்சிக்குச் சான்றாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. தம்மைப் போன்றே பிறரையும் எதிர்பார்க்கும் தலைவரின்கீழ்ப் பணியாற்றியவர்களின் நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்னும் வினாவையும் இவை எழுப்பாமல் இல்லை.

விதிகளும் நடைமுறையும்

ஐந்து விதிகளை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் குறிக்கோள் அறிக்கையாகப் படிக்க இயலும். ஆனால் இன்றைய அறிக்கைகளிலிருந்து அவை ஒரு வகையில் வேறுபடுகின்றன. ஒவ்வொரு விதியிலிருந்தும் நூலகம் எங்கே இருக்க வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி எப்படி அமைய வேண்டும் என்பது வரை அரங்கநாதன் முடிவுகளை வருவித்தார்.

இடம் பற்றிய முடிவு அவற்றுள் முதன்மையானது. சென்னைப் பல்கலைக்கழக நூலகம் தொடக்கக் காலத்தில் எழும்பூரில் கன்னிமரா பொதுநூலகக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தது. பல்கலைக்கழகமோ சேப்பாக்கம் கடற்கரையில். மாணவரும் ஆய்வாளரும் நாள்தோறும் கடந்து செல்லும் வழியில் இல்லாத நூலகம் முதல் விதியை மீறுவதாகும் என்பது அவர் நிலைப்பாடு. கடற்கரையில் நூலகத்திற்கெனத் தனிக் கட்டடம் எழுந்து 1936இல் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டடக் கலைஞர் முகப்பின் அழகைக் கருதும்போது நூலகர் அலமாரிகளுக்கிடையே நடக்கும் வழியின் அகலத்தையும், ஏணியின்றிக் கைக்கெட்டும் உயரத்தையும், ஒளி விழும் திசையையும் கருத வேண்டும் என்பதை அரங்கநாதன் தம் நூல்களில் விரிவாக எழுதினார்.

அடுத்தது அலமாரிகளைத் திறந்துவிட்டமை. நூலின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறைக்கு மாறாக, வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று தேரும் திறந்த முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். நூல் தொலைந்தால் ஊழியரிடம் ஈடு கேட்கும் தணிக்கை முறை நிலவிய காலத்தில் இது எளிய மாற்றமன்று. சில நூல்கள் தொலையும் என்பதை அவர் மறுக்கவில்லை. பயன்படாமல் தூங்கும் நூல்களால் ஏற்படும் இழப்பு அதனினும் பெரிது என்பதே அவர் கணக்கு. தேடி வந்த நூலுக்கு அருகில் தேடாத நூலொன்று கண்ணில் படும் வாய்ப்பையே அவருடைய மூன்றாம் விதி பெரிதும் நம்பியிருக்கிறது. ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி நூலகம் சென்ற எவருக்கும் இதன் உண்மை விளங்கும்.

பணியாளரைப் பற்றிய மாற்றம் இவ்விரண்டினும் ஆழமானது. வாசகருடன் நின்று அவர் தேவையைக் கேட்டறிந்து, உரிய நூலை உரிய நேரத்தில் சேர்ப்பிக்கும் நோக்கீட்டுப் பணியை நூலகத்தின் உயிர்நாடியாக அவர் கருதினார். பகுப்பும் பட்டியலும் அப்பணிக்கான ஆயத்தங்களே. இத்தகைய பணிக்குப் பயிற்சி பெற்றோர் வேண்டும் என்பதால் 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் கோடைக்காலப் பயிற்சி தொடங்கியது. 1931இல் அதனைப் பல்கலைக்கழகம் ஏற்றது. 1937இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. நூலகத்திற்கு ஆள் தேடிய பல்கலைக்கழகம் நூலகரை உருவாக்கும் பல்கலைக்கழகமாக மாறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை.

வளாகத்துக்கு வெளியிலும் விதிகள் சென்றன. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஒன்றில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது. அதனைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். பல்கலைக்கழக நூலகருக்குச் சிற்றூர் வாசகரிடம் என்ன பணி என்று கேட்டோர் இருந்திருக்கலாம். ஒவ்வொரு வாசகருக்கும் என்னும் இரண்டாம் விதியில் ஒவ்வொரு என்னும் சொல் பல்கலைக்கழக மதிலுக்குள் நிற்க மறுப்பது. 1930இல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் முன்வைத்த மாதிரி நூலகச் சட்ட வரைவும் இச்சொல்லின் விரிவே. பின்னாளில் அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டம் அம்முயற்சிகளின் தொடர்ச்சியாக அமைந்தது.

பகுப்பெண்ணும் தமிழிலக்கியமும்

1933இல் கோலன் பகுப்புமுறையும், 1934இல் பகுப்புமுறைப் பட்டியல் விதித்தொகுப்பும், 1937இல் பகுப்பியல் கொள்கைகளுக்கான முன்னுரையாக அமைந்த நூலும் வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழக நூலகமே இவற்றின் ஆய்வுக்கூடம். தமிழாய்வாளர் இப்பகுப்புமுறையைக் கூர்ந்து நோக்க ஒரு தனிக் காரணம் உண்டு.

அமெரிக்கரான மெல்வில் டூயி வகுத்த தசமப் பகுப்புமுறையில் இலக்கியம் 800 என்னும் வகுப்பு. ஆங்கிலம், செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவை தனித்தனிப் பத்துகளைப் பெற, உலகின் எஞ்சிய மொழிகள் யாவும் 890 என்னும் ஒரே கொட்டிலில் அடைபட்டன. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய தமிழ் புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்களில் இடம் தேட நேர்ந்தது. அரங்கநாதனின் திட்டத்தில் எல்லா மொழி இலக்கியங்களுக்கும் ஒரே வாய்பாடு: இலக்கியத்துக்கு 'ஓ' என்னும் உரோமன் எழுத்து, அடுத்து மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு. தமிழுக்கு 31 என்னும் எண். எந்த மொழியும் மற்றொன்றின் எச்சம் அன்று.

ஆசிரியரைக் குறிக்க அவர் பிறந்த ஆண்டைக் கொண்டது இத்திட்டத்தின் புதுமை. உரோமன் எழுத்தொன்று நூற்றாண்டையும், அடுத்து வரும் ஈரிலக்கம் ஆண்டையும் சுட்டும். 'எம்' என்பது 1800களுக்குரியது. எனவே தமிழ்க் கவிதை அடுக்கில் 1823இல் பிறந்த வள்ளலாரும், 1882இல் பிறந்த பாரதியும், 1891இல் பிறந்த பாரதிதாசனும் அகர வரிசையில் சிதறாமல் காலவரிசையில் அடுத்தடுத்து நிற்பர். இடமிருந்து வலமாக அடுக்கைப் பார்த்துச் செல்லும் மாணவர் தம்மையறியாமலே இலக்கிய வரலாற்றின் ஊடாக நடக்கிறார்.

இப்புதுமையே தமிழில் இடறும் இடமும் ஆகிறது. வள்ளுவர் பிறந்த ஆண்டு யாது? தொல்காப்பியர்? கபிலர்? காலவாராய்ச்சியில் நூற்றாண்டுக் கணக்கில் வேறுபடும் கருத்துகள் நிலவும் துறையில், நூலின் முதுகில் எண் ஒட்ட வேண்டிய நூலகர் ஒரு தீர்ப்புச் சொல்லக் கட்டாயப்படுத்தப்படுகிறார். பகுப்பெண் நடுநிலையானது என்னும் பொதுக்கருத்து இங்கு நிலைகுலைகிறது. அது இலக்கிய வரலாற்றில் ஒரு தரப்பை எடுத்துக்கொள்வதாகிறது. பல புலவர் பாடிய பாடல்களின் தொகையாகிய புறநானூறு போன்றவை ஓராசிரியர் என்னும் கூற்றுக்கே அடங்குவன அல்ல. பரணி, உலா, தூது, பிள்ளைத்தமிழ் எனத் தமிழ் தனக்கெனப் போற்றிய இலக்கிய வகைமைகள் வடிவக் கூற்றில் கவிதை என்னும் ஒற்றை இலக்கத்துள் மறைகின்றன. சிற்றிலக்கிய ஆய்வாளர் ஒருவருக்கு அலமாரி உதவும் அளவு இதனால் குறைகிறது. உலகப் பொதுமை கருதிய திட்டத்தைக் குறிப்பிட்ட ஒரு மரபின் நுட்பங்களைக் கொண்டு முழுமையாகக் குறை கூறுதல் நேர்மையாகாது. எனினும் அத்திட்டத்தை வகுத்தவர் தமிழகத்தவர். அது முதலில் செயற்பட்ட இடம் தமிழ்நூல்கள் நிறைந்த நூலகம். இவ்விரண்டையும் கருதும்போது தமிழ் வகைமைகளுக்கு அதில் கூடுதல் இடம் எதிர்பார்த்தல் தவறாகாது.

நான்காம் விதியோடு உள்ள முரண் வேறு வகையானது. வாசகரின் காலத்தைப் பேண வேண்டும் என்றவர் வகுத்த பகுப்பெண், நுட்பம் கூடக் கூட நீண்டது. எழுத்துகளும் எண்களும் குறிகளும் விரவிய அத்தொடரை வாசகர் நினைவிற்கொள்ளுதல் அரிதாயிற்று. 1933க்குப் பின் 1939, 1950, 1952, 1957, 1960 எனப் பதிப்புகள் திருத்தங்களோடு வந்தன. கொள்கை முழுமையை நோக்கி வளர்ந்தது. ஒவ்வொரு பதிப்பும் பழைய எண்களைத் திருத்தும் சுமையை நூலகங்கள் மீது ஏற்றியது. நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதியைப் பகுப்புமுறைக்கும் அவர் பொருத்தியதன் விளைவு இது. இந்திய நூலகங்கள் பல இறுதியில் டூயியின் முறையையே கொண்டன. அரங்கநாதனின் கூறுபகுப்புக் கோட்பாடோ அவருடைய எண்களைப் பயன்படுத்தாத நாடுகளிலும் பகுப்பியல் சிந்தனையை மாற்றியது. பகுப்புமுறை பரவவில்லை, பகுப்புக் கோட்பாடு பரவியது என்னும் இம்முடிவை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

விலகலும் அதன் பின்னரும்

1944ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழக நிருவாகத்திற்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. இருபதாண்டுகள் உருவாக்கிய நூலகத்திலிருந்து உரிய காலத்திற்கு முன்னரே விருப்ப ஓய்வு பெற்றார். விட்டுக்கொடுக்காத இயல்பினர் அவர். நூலகத்தின் நோக்கத்தைத் தாம் கண்டவாறே பிறரும் காண வேண்டும் என எதிர்பார்த்தவர். குறிக்கோள் எத்துணைத் தெளிவாக இருப்பினும், அது நிறுவனத்தின் குறிக்கோளாக ஆகாமல் ஒருவரின் குறிக்கோளாகவே நின்றுவிட்டால் அந்த ஒருவர் வெளியேறும்போது என்ன எஞ்சும் என்னும் வினா அப்போது எழுந்தது.

இராதாகிருட்டிணன் துணைவேந்தராக இருந்த காசி இந்துப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கு ஏறத்தாழ ஓரிலட்சம் நூல்கள் சீரமைக்கப்படாமல் கிடந்தன. உதவிக்குத் தகுந்த ஆளின்றி, ஐம்பதைக் கடந்த அகவையில், அவற்றைப் பெரும்பாலும் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். இரண்டாண்டுகளில் அப்பணியை முடித்தது வியப்பே. ஆயின் பணியாளரின்றி நூலகம் இயங்காது என வாழ்நாளெல்லாம் வாதிட்டவர் தம் உழைப்பாலேயே அவ்வாதத்தைப் பொய்ப்பித்துக் காட்ட நேர்ந்தது நகைமுரண். 1947இல் மாரிஸ் குவயர் அழைப்பின் பேரில் தில்லிப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். நூலக அறிவியல் அங்கு முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் வழங்கும் துறையாக உயர்ந்தது. 1950களின் நடுவில் சில ஆண்டுகள் சூரிக் நகரில் வாழ்ந்து திரும்பினார்.

பல்கலைக்கழக நூலகத்தின் குறிக்கோள் அரசுக் கொள்கையின் மொழியில் வடிவம் பெற்றது அதன் பின்னரே. பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அமைத்த நூலகக் குழுவுக்கு அரங்கநாதன் தலைவரானார். 1959இல் வெளிவந்த அதன் அறிக்கை, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 15 ரூபாயும் ஆசிரியர் ஒருவருக்கு 200 ரூபாயும் நூலகத்திற்கென ஒதுக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழக நூலகருக்குப் பேராசிரியருக்கு நிகரான தகுதியும் ஊதியமும் வேண்டும் என்றது. 1924இல் குறைந்த ஊதியத்தால் வகுப்பறையை விட்டு வந்தவர், ஊதிய வேறுபாட்டால் நூலகத்துக்கு நல்லோர் வாராமற் போவதை அறியாதவர் அல்லர். குறிக்கோளை உரைப்பதோடு அமையாது, அதற்கு எவ்வளவு பணம், எத்தனை ஆள் என்று எண்ணால் சொன்னமையே இவ்வறிக்கையின் சிறப்பு. இவ்வெண்கள் ஏட்டளவில் நின்ற கல்லூரிகள் மிகுதி.

பெங்களூரில் குடியமர்ந்தபின் 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். பத்மஸ்ரீ விருதும் (1957) தேசியப் பேராசிரியர் தகுதியும் (1965) அவரை வந்தடைந்தன. 1967இல் கணித மேதை இராமானுசனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நூலகராக நாற்பதாண்டு கழிந்த பின்னும் சென்னையின் கணித உலகை அவர் மறக்கவில்லை. இராமானுசனின் கையெழுத்துக் குறிப்பேடுகள் அவர் பொறுப்பிலிருந்த சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் காக்கப்பட்டன. காத்தலும் பயன்படுத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அக்குறிப்பேடுகளினும் தக்க சான்று அரிது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் மறைந்தார்.

கால வரிசையில் முற்பட்டதாயினும் இறுதியில் கூறத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1956இல் அரங்கநாதன் தம் வாழ்நாள் சேமிப்பாகிய ஓரிலட்சம் ரூபாயை நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவுவதற்காக வழங்கினார். அப்பதவி சாரதா அரங்கநாதன் பெயரால், அவர் மனத்தாங்கலோடு விலகி வந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது.